லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம்

வாங்க தம்பி, வாங்க. நேத்து போன்ல பேசுனது நீங்கதானுங்களே? உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும், இப்படி சோபாவுல உக்காருங்க. டெம்போ எங்க வருதாமா? இன்னும் பல்லடமே தாண்டலியா? அப்ப முக்கா மணி நேரம் ஆகுமுங்க. திருப்பூருக்குள்ள வர்ற வழியெல்லாம் குழி தோண்டிப் போட்டிருக்கறாங்க. காப்பி போடட்டுங்களா? வரக்காப்பிதான். பால் வாங்கறதை நிறுத்திட்டேனுங்க. ஒருத்தனுக்கு எதுக்குப் பாலு.

அதானுங்க தொட்டி. நல்லாப் பாருங்க. ஏழடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டேகால் உயரம். எண்ணூத்தம்பது லிட்டர் புடிக்கும். கண்ணாடி பதினஞ்சு எம்எம். ஒரு சொட்டு ஒழுகுனதில்லீங்க இன்னைக்கு வரைக்கும். ஆமாங்க, தண்ணி இன்னும் உள்ளாரதான் இருக்குது. உங்க ஆளுங்க வந்தப்பறம் எறக்கிக்கலாம்னு உட்டுட்டேன். அடியில வெள்ளையா கெடக்குதே, கல்லுன்னு நெனச்சுக்காதீங்க. அதெல்லாம் பவளம். செத்துப்போனா அப்படி எலும்பாட்ட ஆயிரும். உசுரோட இருந்தப்ப நீங்க பாத்திருக்கோணும்.

உங்களுக்கு எதுக்குங்க இத்தாப்பெரிய தொட்டி? கலர் மீனுக்கா? அது நல்லதண்ணி மீனு. தப்பாச் சொல்லலீங்க, வளத்துங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா நல்லதண்ணி மீனை யாரு வேணா வளத்தலாம். உப்புத்தண்ணிதான் தம்பி வித்தை. கடலை ஊட்டுக்குள்ள கொண்டாந்து, அது சாகாம வெச்சுக்கறது இருக்குதே, அதுக்கு ஒரு கை வேணும். எனக்கு அந்தக் கை இருந்துச்சு.

நான் யாருன்னு தெரியாதுங்களே? நாச்சிமுத்து. சாய மாஸ்டர் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, பழைய ஆளுங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருசம் சாயப்பட்டறைல மாஸ்டரு. சாயத்துக்கு உசுரே உப்புதானுங்க. துணி சாயத்தைப் புடிக்கோணும்னா உப்புப் போட்டாகோணும், இல்லாட்டி சாயம் தண்ணியோடவே போயிரும். கடல் தண்ணியில லிட்டருக்கு எத்தனை உப்புன்னு நெனைக்கறீங்க? முப்பத்தஞ்சு கிராம். அவ்வளவுதானுங்க. நாங்க கருப்புக்கு லிட்டருக்கு எம்பது, தொண்ணூறு போடுவோம். கடலெல்லாம் எங்ககிட்டப் பிச்சை வாங்கோணும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்களே, எனக்குச் சோறு போட்டது உப்புதானுங்க. இந்த ஊடு உப்புல கட்டுனது. பொண்ணை உப்புலதான் படிக்க வெச்சு ஓசூர்ல கட்டிக் குடுத்தேன். அவதான் கம்ப்யூட்டர்ல விளம்பரம் போட்டது, நீங்க பாத்தது.

தண்ணியில உப்பு எத்தனைன்னு காட்டற மீட்டரெல்லாம் அப்பறம் வந்துச்சு. நான் நாக்குலயே சொல்லிருவேன். தண்ணிய நாக்கு நுனியில வெச்சுத் துப்பிட்டுச் சொன்னா, மீட்டர்ல போட்டுப் பாத்தா அம்பது நூறுதான் முன்னப் பின்ன இருக்கும். பட்டறைல பசங்க பந்தயம் கட்டுவானுங்க. நான் தோத்ததில்லை.

செரி, தொட்டிக்கு வர்றேன். ரிட்டயர் ஆகற சமயத்துல மொதலாளியோட கோயமுத்தூர்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போனேனுங்க. உள்ள போனா, ஒரு செவுரு பூராக் கடல். நான் அப்படியே நின்னுட்டேன். மொதலாளி கூப்புடறாரு, எனக்குக் கேக்கவே இல்லை. தம்பி, முப்பத்தோரு வருசம் கலர் போட்டவன் நான். ஊதாவுலயே நாப்பது ஊதா போட்டிருக்கறேன். அந்தத் தொட்டியில ஒரு பவளம் இருந்துச்சு, ஊதாதான், ஆனா அந்த ஊதாவ நான் போட்டதே இல்லீங்க. போடவும் முடியாது. அதுக்குள்ள ஒரு பச்சை, ஓரத்துல ஒரு மஞ்சள், எல்லாம் தண்ணிக்குள்ளயே இருக்குது, ஒரு பொட்டுச் சாயம் வெளிய எறங்கல. கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னா நம்புவீங்களா? வந்துச்சுங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஊட்டுக்கு வந்து சம்பூர்ணத்துக்கிட்டச் சொன்னேன். சம்பூர்ணம் என்ற சம்சாரம். "ஊட்டுல பவளம் வளத்தப் போறேன்"னேன். "பவளமுங்களா மாமா? தாலிக்கொடியில கோக்கறதா?"ன்னு கேட்டா. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொறையேறிருச்சு. பவளம் உசுருள்ள பொருளுன்னு அவளுக்குத் தெரியாது. ரெண்டு நாள் உக்காந்து சொல்லிக் குடுத்தேன். கேட்டுக்கிட்டா. அப்பறம், "தையல் மிசினை எங்கீங்க வெக்கறது?"ன்னு கேட்டா. இந்தச் செவுத்தோரமா அவ மிசினு இருந்துச்சுங்க, சன்னல் வெளிச்சத்துக்காக. அதைத் தூக்கி ஸ்டோர் ரூம்ல போட்டோம். சாமி படத்தையும் மாத்தினோம், ஊதுபத்திப் பொகை ஆகாதுங்க தொட்டிக்கு. எதுக்குமே ஒண்ணுஞ் சொல்லாதவதான் அவ.

ஒடனே மீனை உட முடியாதுங்க. தண்ணி பழுக்கோணும். வடிகட்டுன நல்லதண்ணியில பாக்கெட் உப்பைக் கலக்கி, மோட்டார் போட்டு ஓட்டி, ஆறு வாரம் சும்மா வெறும் கல்லைப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். சூடு இருவத்தாறைத் தாண்டக் கூடாது. திருப்பூர் வெயிலுக்கு என்ன பண்றது? தண்ணிய குளிர வெக்கறதுக்கே ஒரு மிசினு. கரண்டு போனா அதுக்குத் தனியா பேட்டரி. எங்க ரூம்புக்கு ஏசி கெடையாதுங்க, தொட்டிக்கு இருந்துச்சு. தெனமும் காலைல எந்திரிச்சா உப்பு அளக்கோணும், கால்சியம் அளக்கோணும், நோட்டுல எழுதோணும். இதெல்லாம் எனக்குப் புதுசா? பட்டறைல பண்ணுனதுதானே.

கழிவுதான் தம்பி முக்கியம். அதை அப்பப்ப எடுத்துரோணும். தண்ணியிலயே உட்டா பவளம் மூச்சு முட்டிச் செத்துரும். நொரையா எடுத்துத் தள்ளறதுக்குன்னே ஒரு சாமான் இருந்துச்சு. அதை விட முக்கியம் செம்பு. செம்புன்னா தாமிரம். ஒரு பொட்டுத் தாமிரம் தண்ணியில கலந்தா போதும், பவளம், எறா, நத்தை, எல்லாம் போயிரும். அத்தனை மெல்லுசான உசுரு. நாங்க மயில் நீலம் போடுவமே, அந்தச் சாயத்துல தாமிரம் இருக்கும். எத்தனை டன்னு போட்டிருப்பேன், எனக்கா தெரியாது? அதனாலயே தொட்டிகிட்டச் செப்புக் கொடத்தைக் கொண்டுபோகக் கூடாதுன்னு சம்பூர்ணத்துக்குக் கண்டிசனாச் சொல்லிருந்தேன்.

பவளம் வாங்கறதுலயும் நான் சட்டப்படிதானுங்க. நம்ம கடல்ல பவளத்தைத் தொட்டாலே கேசு. சென்னைல ஒரு கடைக்காரரு, வெளிநாட்டுல தொட்டியிலயே வளத்து, காயிதத்தோட வர்றதுன்னு சொன்னாரு. காயிதத்தைக் காட்டுனப்பறம்தான் வாங்குனேன். கடலைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாமுங்க.

சம்சாரத்துக்கு எந்த ஊருங்கறீங்களா? மாமனாரு இன்னும் இருக்கறாருங்க. அவரு ஊரு நமக்குக் கீழ, தண்ணி ஓடற பக்கம், நொய்யல் ஆத்துக் கரைல. ஒரு காலத்துல மஞ்சள், வாழை, தென்னைன்னு நல்ல தோட்டம். அப்பறம் கெணறு உப்பாப் போயிருச்சு. அந்தப்பக்கம் எல்லாக் கெணறும் அப்படித்தானுங்க, அவருக்கு மட்டுமா? தென்னைக்கெல்லாம் குருத்துக் கருகி, மொட்டை மொட்டையா நின்னுச்சு. பாவந்தான். பட்டறைனால ஆச்சும்பாங்க. ஆமா, மழை வந்தா நாங்க வால்வைத் தொறந்து சாயக்கழிவை ஆத்துல உட்டுருவோம், இல்லீங்கல. அப்ப எல்லாருந்தான் உட்டாங்க. நான் ஒருத்தன் உடாம இருந்தா ஆறு சுத்தமாயிருமா? மாமனாரு அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. மாப்பிள்ளைன்னு மரியாதைதான். பொங்கலுக்கு வருவாரு, நல்ல வேட்டி கட்டிட்டு, கையில ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு. கடையில வாங்கிட்டுதான். தோட்டத்துலதான் ஒண்ணும் இல்லையே.

நான் சொல்ல வந்தது என்னன்னா, தொட்டி வெச்ச அந்த வருசம் அவருக்கு ஒடம்பு முடியல. சம்பூர்ணம் ஒரு நாலஞ்சு தடவை கேட்டா, "ஒருக்காப் போயி எட்டிப் பாத்துட்டு வந்துரலாமுங்களா மாமா?"ன்னு. தொட்டிய உட்டுட்டு எப்படிங்க போறது? நீங்களே சொல்லுங்க. அவளே பஸ் புடிச்சுப் போயிட்டு வருவா. நான் அந்த வருசம் ஒரு கல்யாணத்துக்குப் போகல, ஒரு எழவுக்குப் போகல. சொந்தக்காரங்க எல்லாம் நாச்சிமுத்துக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு பேசிக்கிட்டாங்களாமா. பேசட்டும்.

ஆனா தம்பி, நாலாவது மாசம் பவளமெல்லாம் விரிஞ்சுச்சு பாருங்க. காலைல லைட்டு எரிய எரிய ஒவ்வொண்ணா விரியும். அந்த ஊதா என்ற தொட்டிலயும் வந்துச்சு. ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்ட மீனு ஒரு சோடி உட்டிருந்தேன். அதுக ஒரு பூ மாதிரி இருக்கற உசுருக்குள்ள போயிப் போயிப் படுத்துக்கும். அந்தப் பூ மத்த மீனு கிட்டப் போனாக் கொட்டிரும், இதுகள ஒண்ணும் பண்ணாது. ஒருநாள் காலைல சம்பூர்ணம் வெளக்குமாத்தைக் கையில வெச்சுட்டு அப்படியே கீழ உக்காந்து அதைப் பாத்துட்டிருந்தா. ரொம்ப நேரம் பாத்தா. "இதுகள மட்டும் எப்படிங்க கொட்டறதில்லை?"ன்னா. அப்பறம் அவளாவே சொன்னா, "எங்க கெணத்துல ஒரு கெண்டை இருந்துச்சுங்க மாமா, படியில கால வெச்சா வந்து வெரலைக் கடிக்கும், நான் அதுக்குச் சோளம் கொண்டுபோயிப் போடுவேன்." நான் அப்ப கால்சியம் அளக்கறதுக்கு மருந்துச் சொட்டு எண்ணிட்டிருந்தேன். பதினேழோ பதினெட்டோ. "பேசாத, கணக்கு உட்டுப்போயிரும்"னேன். எந்திரிச்சுப் போயிட்டா. அதுக்கப்பறம் அவ தொட்டிகிட்ட உக்காந்து நான் பாக்கல. இப்ப யோசிச்சா, அன்னைக்குச் சித்த நேரம் பேச உட்டிருக்கலாமோன்னு தோணுது. கால்சியம் எங்கயும் போயிராது.

காப்பி ஆறுது, குடிங்க.

சென்னைல ஒரு மீன் கண்காட்சிங்க. உலகத்துல இருக்கற பவளமெல்லாம் வருதுன்னாங்க. மூணு நாளு. போயிட்டேன். ஆமா, மாமனாரு ஊருக்குப் போகல, சென்னைக்குப் போனேன். நீங்க நெனைக்கறது தெரியுது, ஆனா அது தொட்டி விசயம். ரெண்டாம் நாளு சம்பூர்ணம் போன் பண்ணுனா. "மாமா, ஒரு மீனு மல்லாந்து கெடக்குது, தண்ணி பால் கலந்தாட்ட வெள்ளையா இருக்குது, என்னங்க பண்றது?"ன்னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கண்காட்சியில மைக்குச் சத்தம் வேற. கத்திச் சொன்னேன், "பாதித் தண்ணிய எறக்கிட்டு உப்புத்தண்ணி ஊத்து. ஒடனே ஊத்து, யோசிக்காத"ன்னு. ரெண்டு தடவை கேட்டா, "உப்புத்தண்ணிதானுங்களே? உப்புத்தண்ணிதானுங்களே?"ன்னு. "ஆமாங்கறேன், உப்புத்தண்ணி, உப்புத்தண்ணி"ன்னேன்.

புரிஞ்சிருச்சுங்களா உங்களுக்கு? உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நீங்களும் இந்தப்பக்கந்தானே. நம்ம ஊட்டுல ரெண்டு கொழாய். ஒண்ணு நல்லதண்ணி, வெளியூர் ஆத்துத்தண்ணி, வாரத்துக்கு ஒருக்கா வர்றது. இன்னொண்ணு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில போர் தண்ணி, துணி தொவைக்க, பாத்திரம் கழுவ. அதுக்குப் பேரு உப்புத்தண்ணி. அவளுக்குக் கல்யாணமாயி வந்த நாளையில இருந்து அதுதான் உப்புத்தண்ணி. நானும் அப்படித்தான் சொல்லுவேன், "உப்புத்தண்ணி கொழாயை நிறுத்து"ன்னு. நான் பாக்கெட் உப்புப் போட்டு, முப்பத்தஞ்சு கிராம் கணக்கா அளந்து, ரெண்டு பெரிய டிரம்முல கலக்கி வெச்சிருந்தேன். அந்த டிரம்மை யாரும் தொடக்கூடாதுன்னு நானே மூடி மேல எழுதி ஒட்டிருந்தேன். அவ தொடல. சொன்ன பேச்சுக் கேக்கறவ.

போர் தண்ணிய ஊத்துனாளுங்க. பிளாஸ்டிக் கொடத்துலதான், செப்புக் கொடம் கூடாதுன்னு சொன்னது ஞாபகம் வெச்சுட்டு. இருவத்தெட்டுக் கொடம். பொடக்காளியில இருந்து இந்த ஹாலு வரைக்கும், அம்பத்தாறு வயசுல, ஒத்தையா. அன்னைக்கு இடுப்புப் புடிச்சது இன்னும் உடலைன்னு பொண்ணு சொல்றா. பாதிக் கடலும் பாதிப் போருமா ஆயிருச்சு தொட்டி. நான் திரும்பி வந்து கதவைத் தொறந்தா நாத்தம். எல்லாம் போச்சுங்க. அந்த ஊதா, பச்சை, மீனு சோடி, எல்லாம். பவளத்துல தோலு உரிஞ்சு உரிஞ்சு மெதக்குது. போர் தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், அதுல தாமிரமும் இருக்குது. திருப்பூர்ல நூறு அடிக்குக் கீழ என்னதான் இல்லை.

அவ கதவுகிட்ட நின்னுட்டிருந்தா, இடுப்பைப் புடிச்சுட்டு. "சொன்ன மாதிரிதானுங்க மாமா ஊத்துனேன்"னா. எனக்கு வந்துச்சே கோவம். கை ஓங்கலீங்க, முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாளும் ஓங்குனதில்லை. வாயிதான். "உப்புத்தண்ணிக்கும் கடல்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதா? எப்படித் தெரியும், உங்கப்பன் ஊட்டுல உப்புத்தண்ணி குடிச்சு வளந்தவதானே நீ"ன்னுட்டேன்.

அவ என்னைப் பாத்தாளுங்க. அழுகல, ஒண்ணுமில்லை. "நான் வளந்தப்ப அது நல்லதண்ணிங்க"ன்னா. மாமான்னு கூப்புடல. அவ்வளவுதான். மறுநா காலைல எந்திரிச்சு இட்லி ஊத்தி வெச்சுட்டு, ஒரு பையோட பஸ் ஏறிப் போயிட்டா. அப்பாவுக்கு முடியலைன்னு போறா, ரெண்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். நாலு மாசம் ஆச்சுங்க.

மொதல்ல நானும் வீம்பாத்தான் இருந்தேன். தப்புப் பண்ணுனது அவ. உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகோணும், தானா வரட்டும்னு இருந்தேன். ஒரு மாசம் ஓடுச்சு. ஊட்டுல சத்தமே இல்லீங்க. தொட்டி மோட்டாரைக் கூட நிறுத்திட்டேனா, சுத்தமாச் சத்தமே இல்லை. சோறு பொங்கத் தெரியும், தின்னத்தான் தெரியல. என்ற அம்மா செத்தப்பக் கூட நான் அப்படி உக்காந்ததில்லை. போயிக் கூட்டிட்டு வந்துரலாம்னு பொறப்பட்டேன்.

அங்க போனேனுங்க. நாலு வருசத்துக்கப்பறம் போறேன். தோட்டத்துல சீமைக்கருவேலந்தான் நிக்குது. மாமனாரு கட்டில்ல உக்காந்திருந்தாரு, கண்ணு செரியாத் தெரியறதில்லை. என்ற கொரலைக் கேட்டதும் எந்திரிக்கப் பாத்தாரு. "வாங்க மாப்பிள்ளை, வாங்க. மீனெல்லாம் செத்துப்போச்சாமா? சம்பூர்ணம் சொல்லுச்சு. கேட்டதும் மனசே செரியில்லீங்க. வளத்தது கண்ணு முன்னாடி சாகறது பெரிய கொடுமை மாப்பிள்ளை"ன்னாரு. நெசமாத்தான் சொன்னாரு. அவரு ஒருத்தருதானுங்க என்ற தொட்டிக்காக வருத்தப்பட்டு எங்கிட்டப் பேசுன மனுசன்.

சம்பூர்ணம் உள்ள இருந்து வந்தா. எளச்சுப் போயிருந்தா. "வாங்க"ன்னு சொல்லிட்டு, சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. நம்ம பக்கம் தெரியுமே, யாரு வந்தாலும் மொதல்ல தண்ணி. அதை வாங்கிக் குடிச்சுட்டுத்தான் மத்த பேச்சு. பகையாளியே வந்தாலும் தண்ணி குடுப்பாங்க, வாங்கிக் குடிச்சா பகை பாதி போச்சும்பாங்க. அவ குடுத்ததும் எனக்கு உசுரே வந்துச்சு. செரி, கூட வந்துருவான்னு நெனச்சேன். வாங்கி வாயில வெச்சேனுங்க.

என்ன சொல்றது தம்பி. பழக்கம். முப்பத்தோரு வருசப் பழக்கம். நாக்கு நுனியில பட்டதும் எனக்கே தெரியாம வாசல்ல துப்பிட்டேன். துப்பிட்டு, "மூவாயிரத்தி எண்ணூறு இருக்கும்"னேன். வாயி தானாச் சொல்லிருச்சு. செரியாத்தான் இருக்கும், வேணும்னா மீட்டர்ல பாக்கலாம், குடிக்கற தண்ணின்னா ஐநூறைத் தாண்டக் கூடாது. மாமனாருக்கு என்னன்னு புரியல, "என்னங்க மாப்பிள்ளை?"ங்கறாரு. நான் சமாளிக்கறதுக்காக, "எனக்குக் கிட்னியில கல்லு இருக்குது, டாக்டரு இது கூடாதுன்னிருக்கறாரு, நல்லதண்ணி இருந்தாக் குடு"ன்னேன்.

"இங்க இதுதானுங்க நல்லதண்ணி"ன்னா.

கொழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா ரெண்டு கொடம் வருமாமா. அதை அவரு மாத்திரை போடறதுக்கு மூடி வெச்சிருக்கறாங்களாமா. சொம்பை என்ற கையில இருந்து வாங்குனா. அதுல இருந்த தண்ணிய அவ குடிச்சா தம்பி. என்ற முன்னாடி நின்னு, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும். குடிச்சுட்டு உள்ள போயிட்டா. அப்பறம் வரவே இல்லை. நான் பஸ்ஸுக்கு நேரமாகற வரைக்கும் உக்காந்திருந்தேன். மாமனாருதான் பழைய கதையெல்லாம் பேசிட்டிருந்தாரு.

அதுல எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க. நான் ஒரு வடிகட்டற மிசினு அனுப்பறேன்னு பொண்ணுகிட்டச் சொல்லி உட்டேன். தொட்டிக்கு வாங்குனது சும்மாத்தானே கெடக்குது, ஒரு நாளைக்கு நூறு லிட்டர் வடிகட்டும். சம்பூர்ணம் வேண்டாம்னுட்டா. கோவம் தொட்டி மேலதான்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. எல்லாத்துக்கும் காரணம் இந்தத் தொட்டிதானே? தையல் மிசினை ஸ்டோர் ரூம்ல போட்டது, சாமிய எடுத்தது, அப்பனைப் பாக்க வராதது, இடுப்புப் புடிச்சது. இது ஊட்டை உட்டுப் போயிட்டா அவ வந்துருவா. அதுக்குத்தானுங்க விக்கறதே. வெலைய நான் பெருசாப் பேசலியே, கவனிச்சீங்களா? நீங்க என்ன சொன்னீங்களோ அதுக்கு செரின்னுட்டேன்.

ஆரன் அடிக்குது, உங்க டெம்போதானுங்களா? வந்துருச்சு. வெளிய நிறுத்தச் சொல்லுங்க. சித்த இருங்க, எடுத்துராதீங்க. அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிர்றேன். நீங்க இருக்கறப்பவே சொல்லிட்டா அவளும் நம்புவா.

மணி அடிக்குது. எடுக்க மாட்டேங்கறா. இன்னொருக்காப் போடறேன்.

அலோ. சம்பூர்ணம், நாந்தான். வெச்சுராத, வெச்சுராத, ஒரே ஒரு விசயம். தொட்டி போகுது. ஆமா, நெசமாத்தான். வாங்கறவங்க முன்னாடியே உக்காந்திருக்கறாங்க, டெம்போ வாசல்ல நிக்குது. வேணும்னா அவங்களையே பேசச் சொல்றேன். இனி அந்தச் செவுரு உன்னோடது. தையல் மிசினை இன்னைக்கே எடுத்து வெச்சர்றேன், எண்ணெய் போட்டு வெச்சர்றேன். சாமி படத்தையும் மாட்டிர்றேன். நாளைக்கு டாக்சி புடிச்சுட்டு வர்றேன், உங்கப்பாவையும் கூட்டிட்டு வந்துரலாம், இங்க டாக்டருகிட்டக் காட்டலாம். கேக்குதா? சம்பூர்ணம், எனக்கு முடியல. நீ வந்துரு.

என்ன? செரியாக் கேக்கல. என்ன கேட்ட?

தம்பி, பாருங்க, தொட்டித் தண்ணிய எங்கீங்க உடப் போறீங்கன்னு கேக்கறா.

இதென்ன கேள்வி சம்பூர்ணம்? வாசல்ல சாக்கடைக்குத்தான் உடோணும், வேற எங்க உடறது? எண்ணூத்தம்பது லிட்டரை எடுத்துக் குடிக்கவா முடியும்? பத்து நிமிசத்துல ஓடி நொய்யலாத்துக்குப் போயிரும். அதை விடு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்? அலோ. அலோ. சம்பூர்ணம்.

அங்க டவர் செரியாக் கெடைக்காதுங்க.

இல்லை. வெச்சுட்டா.

நீங்க கேட்டுட்டுத்தானே இருந்தீங்க, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? கெஞ்சித்தானே பேசுனேன்? அவ இனி வரமாட்டா தம்பி. கொரல்லயே தெரிஞ்சுபோச்சு எனக்கு. ஏன்னுதான் தெரியல.

செரி, உங்க ஆளுங்களை உள்ள வரச் சொல்லுங்க. அந்த டியூப்போட ஒரு முனையை வாசலுக்குக் கொண்டுபோங்க, சாக்கடை மூடிய காலைலயே கழட்டி வெச்சுட்டேன்.